பதில் வராத பதினைந்து விநாடி

கசார்வாடி, புனேவுக்கும் பிம்ப்ரிக்கும் இடையில் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. லோனாவ்லா லோக்கல் நிற்கும் ரயில் நிலையம், 2022 மார்ச் 6 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம், நாசிக் சாலை பிரியும் முனையில் ஜே.ஆர்.டி. டாட்டா பெயர் தாங்கிய இரண்டடுக்கு மேம்பாலம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. பக்கத்திலேயே போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. ஷிப்ட் முடிகிற வேளையில் இங்குள்ள டீக்கடைகளில் கட்டிங் சாய்க்குக் கூட்டம் மொய்க்கும். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை, அதையொட்டி ஒரு சவுண்ட் பாக்ஸ். பத்து ரூபாய் வந்து சேர்ந்ததும் அது மராத்தியில் அறிவிக்கும். கடைக்காரர் தலையைத் திருப்புவதில்லை. அடுத்த கிளாஸில் டீ ஊற்றிக்கொண்டிருப்பார்.

அந்தப் பெட்டி சொன்னால் பணம் வந்துவிட்டது என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைத் தினமும் கோடிக்கணக்கான முறை காப்பாற்றுவது பேக்எண்ட் என்று சாப்ட்வேர்க்காரர்கள் சொல்லும் பகுதி. பயனாளியின் கண்ணில் படாத சர்வர்கள், டேட்டாபேஸ்கள், அவற்றுக்கு நடுவே ஓடும் செய்திகள் எல்லாம் சேர்ந்தது அது. கூட்டம் பெருகினாலும் தாங்க வேண்டும், எது பழுதானாலும் கணக்கு பிசகக் கூடாது, எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரச் சாதிப்பது எப்படி என்று கற்க விரும்புகிறவர்களுக்கு, அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஓடும் யூபிஐயைவிட இந்தியாவில் நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அது தடுமாறிய நாட்களும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால், பாடம் இன்னும் முழுமையாகிறது.

முதலில் அந்தப் பத்து ரூபாய் போகும் வழி. கியூஆரை ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டு, பின் நம்பரைத் தட்டுகிறீர்கள். அந்த எண் உங்கள் போனிலேயே மறைகுறியாக்கப்படுகிறது. அதைச் சரிபார்ப்பது உங்கள் வங்கிதான். ஆப் நிறுவனத்துக்கு அது தெரியாது. கோரிக்கை முதலில் ஆப்புக்குத் துணை நிற்கும் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகத்தின், அதாவது என்பிசிஐயின், மைய ஸ்விட்சுக்கு. ஸ்விட்ச் உங்கள் வங்கியைக் கேட்கிறது: பத்து ரூபாய் பற்று வை. ‘வைத்தாயிற்று’ என்று பதில் வந்ததும் கடைக்காரரின் வங்கியிடம் சொல்கிறது: பத்து ரூபாய் வரவு வை. அங்கிருந்தும் ‘ஆயிற்று’ என்று வந்த பிறகுதான் உங்கள் திரையில் பச்சை டிக். அவர் கடையில் குரல். வழக்கமாக இதெல்லாம் ஓரிரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கணத்தில் வங்கிக்கும் வங்கிக்கும் இடையே நிஜப் பணம் கைமாறுவதில்லை. இரு வங்கிகளும் தத்தம் பேரேட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை என்பிசிஐ கூட்டிக் கழித்து, நாளுக்குப் பல சுற்றுகளாக, நிகரத் தொகையை மட்டும் தீர்க்க வைக்கிறது. உடனே நடந்தாக வேண்டியது எது, பிறகு மொத்தமாக முடித்துக்கொள்ளக்கூடியது எது என்று பிரித்துப் பார்ப்பது பேக்எண்ட் வடிவமைப்பில் முதல் வேலை. டீ குடித்தவரைக் காக்க வைக்கக் கூடாது; வங்கிகள் இரண்டு மணி நேரம் காத்திருக்கலாம். இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் யூபிஐ இந்த அளவுக்கு வளர்ந்தே இருக்காது.

எந்த அளவு? 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் 21 வங்கிகளோடு இதைத் தொடங்கி வைத்தார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அந்த மாதம் 2ஆம் தேதி மட்டும் 70 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 8,000க்கு மேல். இது சராசரி. விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் டீக்குப் பணம் கட்டுவதில்லை என்பதால், மாலை உச்சத்தில் உண்மையான எண் இதைவிட நன்றாகவே அதிகம்.

இவ்வளவு கூட்டத்தை ஒரே ராட்சத இயந்திரம் தாங்காது. தாங்கினாலும் அது ஒருநாள் படுத்துவிட்டால் நாடே படுத்துவிடும். அதனால் இத்தகைய அமைப்புகளில் ஒரே மாதிரியான பல சர்வர்களை வரிசையாக நிறுத்தி வேலையைப் பங்கிடுகிறார்கள். எந்தச் சர்வரும் எந்த வாடிக்கையாளரையும் ‘ஞாபகம்’ வைத்துக்கொள்ளாது. நினைவில் வைக்க வேண்டியதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். எனவே ஒன்று போனால் பக்கத்துச் சர்வர் அதே வேலையைத் தடங்கலில்லாமல் எடுத்துக்கொள்ளும், கூட்டம் பெருகினால் பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். டேட்டாபேஸையும் கணக்கு எண்ணை வைத்தோ பரிவர்த்தனை எண்ணை வைத்தோ துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனி இயந்திரங்களில் வைப்பார்கள். இவையெல்லாம் இன்று நன்கு பழகிய உத்திகள். புத்தகங்களில் விரிவாகவே கிடைக்கும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வரிசையில் காத்திருப்பதைப் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு சூத்திரம் உண்டு: ஓர் அமைப்புக்குள் ஒரே சமயத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை, விநாடிக்கு வருகிறவர்களை ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். விநாடிக்கு 8,000 கோரிக்கை வந்து, ஒவ்வொன்றும் 2 விநாடியில் முடிந்தால், உள்ளே எப்போதும் 16,000 கோரிக்கைகள் உயிரோடு இருக்கும். அதே 8,000 கோரிக்கையும் ஏதோ காரணத்தால் 30 விநாடி இழுத்தால் 2,40,000. வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கூடவில்லை; ஆனால் சுமை பதினைந்து மடங்காகிவிட்டது. ஒவ்வொரு கோரிக்கையும் கொஞ்சம் மெமரியையும் ஓர் இணைப்பையும் பிடித்துவைத்துக்கொண்டு நிற்கிறது. அவை தீர்ந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகுதிகளும் சேர்ந்து திணறத் தொடங்கும்.

அதனால்தான் அனுபவசாலிகள் செத்த சர்வருக்குப் பயப்படுவதில்லை, மெதுவான சர்வருக்குத்தான் பயப்படுவார்கள். செத்தது தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். மெதுவானது எல்லோரையும் தன்னோடு பிடித்து இழுக்கும். யூபிஐ போன்ற சங்கிலியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு பரிவர்த்தனையும் நான்கைந்து நிறுவனங்களைத் தாண்டியாக வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே அது வருடத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவான தடங்கல்தான். ஐந்தையும் வரிசையில் கோத்தால் மொத்தம் 99.5 சதவீதமாகச் சரிகிறது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 44 மணி நேரம்! யாருமே மோசமாக வேலை செய்யவில்லை; கோத்ததுதான் காரணம்.

இனி இந்தக் கலையின் நடு நரம்புக்கு வருவோம். உங்கள் வங்கியிடம் ‘பத்து ரூபாய் பற்று வை’ என்று ஸ்விட்ச் கேட்டது. ஒரு விநாடி. இரண்டு. ஐந்து. பதில் இல்லை. என்ன நடந்திருக்கும்? கோரிக்கை வங்கிக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். சேர்ந்து, உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். பணத்தைக் கழித்துப் பேரேட்டில் எழுதியும் ஆகி, ‘ஆயிற்று’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். வெளியே நின்று பார்க்கிற ஸ்விட்சுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: மௌனம்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மௌனத்தை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் டைம்அவுட் ஆனால் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவது வகையில் அது பெரிய தப்பு: வாடிக்கையாளரின் பணம் போய்விட்டது, நாம் போகவில்லை என்கிறோம். சரி, திரும்ப ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாமே என்றால், இரண்டு முறை கழிக்கும் அபாயம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ளும்படி ஒரு செய்திமுறையை வகுக்க முடியாதா? முடியாது. செய்திகள் தொலையக்கூடிய ஒரு வழியில் இருவர் முழு உறுதியோடு ஒத்துப்போக எந்த முறையாலும் இயலாது என்று 1970களிலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. டேட்டாபேஸ் அறிஞர் ஜிம் கிரே 1978இல் அதை இரு தளபதிகள் புதிர் என்று பிரபலப்படுத்தினார். நான் அனுப்பிய பதிலுக்குப் பதில், அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் என்று எத்தனை அடுக்கினாலும் கடைசிச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் எஞ்சியே இருக்கும்.

ஆகவே நல்ல வடிவமைப்பு சந்தேகத்தை ஒழிக்கப் பார்ப்பதில்லை, சந்தேகம் வந்தாலும் கேடு வராதபடி பார்த்துக்கொள்கிறது. முதல் ஆயுதம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிறக்கும்போதே தரப்படும் தனி அடையாள எண். ஒரே எண்ணோடு பற்றுக் கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் வங்கி மறுபடி கழிக்கக் கூடாது. பழைய பதிவைத் தேடி, முன்பு கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை தடவை தட்டினாலும் ஒரே தடவை நடந்ததாகவே இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பதிவதும் பணத்தைக் கழிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக டேட்டாபேஸில் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிவிநாடி இடைவெளி இருந்தாலும், மின்சாரம் சரியாக அந்த மில்லிவிநாடியில்தான் போகும். விநாடிக்கு 8,000 என்ற கணக்கில் அபூர்வம் என்று ஒன்று கிடையாது. பத்து லட்சத்தில் ஒன்று என்பது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கும்.

இரண்டாவது ஆயுதம், பின்வாங்கும் வழி. பற்று வைத்தாயிற்றா என்று தெரியவில்லையா, ‘வைத்திருந்தால் திருப்பிவிடு’ என்று ரிவர்சல் செய்தி போகும். வரவு வைக்க வேண்டிய வங்கி பதில் சொல்லாவிட்டால் நிலைமை வேறு. ஏற்கெனவே கழித்த பணத்தை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் வரவும் ஆகியிருந்தால் ஒரே பணம் இரண்டு பேரிடம் போயிருக்கும். எனவே அதை ‘நடந்ததாகக் கொள்ளப்பட்டது’ என்ற தனி நிலையில் வைத்து, பிறகு கணக்குகளை ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள். உங்கள் திரையில் மஞ்சளாக ‘பெண்டிங்’ என்று வருகிறதே, அது அலட்சியம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மறுக்கும் நேர்மை அது.

மூன்றாவது ஆயுதம், நிலை விசாரிப்பு. இன்ன எண்ணுள்ள பரிவர்த்தனை என்ன ஆயிற்று என்று வங்கிகள் ஸ்விட்சைக் கேட்கலாம். பாதுகாப்புக்காக வைத்த இந்தக் கதவுதான் 2025இல் அமைப்பையே சாய்த்தது.

அந்த ஆண்டு மார்ச் 26 மாலை நாடெங்கும் யூபிஐ தடுமாறியது. அடுத்த சில நாட்களில் மறுபடியும். ஏப்ரல் 12, சனிக்கிழமை, பல மணி நேரம் பணம் போகாமல் மக்கள் கடை வாசலில் நின்றார்கள். என்பிசிஐ ஆராய்ந்து சொன்ன காரணத்தில் சைபர் தாக்குதலும் இல்லை, விழாக்காலக் கூட்டமும் இல்லை. சில வங்கிகள் நிலை விசாரிப்புக் கோரிக்கைகளை அடைமழையாக அனுப்பிக்கொண்டிருந்தன; பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒரு தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிளார்க். மனு கொடுத்தவர்கள் நூறு பேர். கொஞ்சம் தாமதமானதும் ஒவ்வொருவரும் கவுண்டருக்கு வந்து ‘என் மனு என்ன ஆச்சு சார்?’ என்று கேட்கிறார்கள். பதில் சொல்வதிலேயே அவர் நேரம் போகிறது, மனுக்கள் நகரவில்லை. நகராததால் மேலும் பேர் வந்து கேட்கிறார்கள். பேக்எண்ட் உலகில் இதற்கு ரீட்ரை புயல் என்று பெயர். தூண்டிய காரணம் சின்னதாக இருந்து அது எப்போதோ சரியாகியிருக்கலாம். ஆனால் புயல் தன்னைத்தானே ஊதிப் பெருக்கிக்கொண்டு ஓயாமல் அடிக்கும். கேட்கிற ஒவ்வொரு ஆளும் நியாயமாகத்தான் கேட்கிறார் என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது.

இதற்கு மருந்து, கேட்கிறவருக்குப் பொறுமையைப் பழக்குவது. பதில் வராவிட்டால் ஒரு விநாடி கழித்துக் கேள், பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போ. அதிலும் எல்லோரும் சரியாக எட்டாவது விநாடியில் ஒன்றாகப் பாய்ந்துவிடாமல், ஆளுக்கொரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கூட்டிக்கொள். ஒரு வங்கி தொடர்ந்து பதில் தராவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு அதைக் கேட்பதையே நிறுத்து. அதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், மற்ற வங்கிகளின் பரிவர்த்தனை தடைபடாது. சமாளிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் வந்தால், எல்லோரையும் உள்ளே விட்டு எல்லோரையும் ஏமாற்றுவதைவிட, சிலரை வாசலிலேயே ‘இப்போது முடியாது’ என்று திருப்பி அனுப்பு. கடைசியாகச் சொன்னது பல மேலாளர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சீக்கிரம் சொல்லும் ‘முடியாது’ வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. அவர் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

என்பிசிஐ எடுத்த நடவடிக்கைகள் இந்தப் பாடங்களை வரிசையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நிலை விசாரிப்பை 90 விநாடி பொறுத்துத்தான் கேட்கலாம், அதுவும் அதிகபட்சம் மூன்று முறைதான் என்று வந்தது. பணம் செலுத்தும் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வங்கிகளுக்கு இருந்த 30 விநாடி, 2025 ஜூன் 16 முதல் 15 விநாடியாகக் குறைக்கப்பட்டது. நிலை விசாரிப்புக்கு 10. லிட்டில் சூத்திரத்தை நினைத்துப் பாருங்கள்: நெருக்கடியில் உள்ளே தேங்கக்கூடிய கோரிக்கைகள் ஒரே உத்தரவில் பாதியாகிவிட்டன, ஒரு சர்வர்கூட வாங்காமல். ஆகஸ்ட் 1 முதல், ஓர் ஆப்பில் நாளுக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. தவணை, சந்தா போன்ற ஆட்டோபே பிடித்தங்கள் காலை 10 முதல் 1 வரையும் மாலை 5 முதல் 9.30 வரையுமான நெரிசல் நேரத்துக்கு வெளியே தள்ளப்பட்டன. ஓடிடி சந்தா நள்ளிரவில் கழிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஷிப்ட் விட்ட நேரத்தில் டீக்கடையில் அது போட்டிக்கு வரக் கூடாது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த தீர்வு 2022 செப்டம்பரில் வந்த யூபிஐ லைட். பரிவர்த்தனைகளில் மிகப் பெரிய பங்கு சில்லறைத் தொகைகள். பத்து ரூபாய்க்கும் பத்தாயிரத்துக்கும் வங்கியின் மையக் கணக்குச் சர்வர் படும் பாடு ஒன்றுதான். எனவே கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே போனிலுள்ள ஒரு பணப்பைக்கு மாற்றி வைத்துக்கொண்டு, சின்னச் செலவுகளை அதிலிருந்தே கழித்துவிடலாம். பின் நம்பர் தட்ட வேண்டாம், ஒவ்வொரு டீக்கும் உங்கள் வங்கியின் சர்வரை எழுப்பவும் வேண்டாம். முதலில் ஒரு செலவுக்கு 200 ரூபாய் வரம்பு. பிறகு 500, இப்போது 1,000. செய்யத் தேவையில்லாத வேலையைக் கண்டுபிடித்து நீக்குவதைவிட வேகமான கம்ப்யூட்டர் எதுவும் இல்லை.

எல்லா அமைப்புக்கும் இதே மருந்து பொருந்தாது. ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசியில் காலை பத்து மணிக்கு ஏசி தட்கல் திறக்கும்போது நடப்பது வேறு வகை நெரிசல். யூபிஐ கூட்டம் கோடிக்கணக்கான கணக்குகளில் பரவிக் கிடக்கிறது. தட்கல் கூட்டம் அதே ரயிலின், அதே சில பெர்த்துகளின் மேல் விழுகிறது. அந்த ஒரு பதிவை ஒருவர் பின் ஒருவராகத்தான் தொட முடியும். எத்தனை சர்வர் சேர்த்தாலும் பெர்த் பெருகாது. 2014 ஆகஸ்டில் வந்த புதிய அமைப்பு, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறனை 7,200க்கு உயர்த்தியது. அடிக்கடி பார்க்கப்படும் விவரங்களை டிஸ்கிலிருந்து மெமரிக்குக் கொண்டுவந்தது அதில் முக்கியப் பங்கு வகித்தது. ஆகவே ‘நிறைய பேர் வருகிறார்கள்’ என்று மட்டும் சொல்லி யாராவது வடிவமைப்பு கேட்டால், வந்து எதைத் தொடப்போகிறார்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தினமும் சில பரிவர்த்தனைகள் நடுவழியில் நிற்கும். அப்படி உங்களுடையது நின்றால், உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். அது புது அடையாள எண்ணோடு போகும் புதுப் பரிவர்த்தனை. உங்களைக் காக்கும் பூட்டு அதற்குப் பொருந்தாது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். வங்கியில் விசாரிக்க அதுதான் பிடி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் போட்ட உத்தரவுப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து போய்ச் சேராவிட்டால் மறுநாளைக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாட்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதற்கு நீங்கள் மனு கொடுக்கும் வரை வங்கி காத்திருக்கக் கூடாது, தானாகவே உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது.